பின்சீட்டில் வெள்ளை நூல்

என் கணவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்ல ஆரம்பித்த பொய்கள் எனக்கு உடனே தெரிந்துவிட்டன.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். தைத்து வரும் பனியன்களை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட கோடு, தையல் பிசகு என்று தேடித் தேடி ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் பிரிவின் வேலை. நாள் முழுக்கக் குறை தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால் கண் சும்மா இருக்காது. வீட்டிலும் எதையாவது தேடிக்கொண்டிருக்கும். அவர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

குன்னத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு காரை வாங்கிவிட்டு வந்தார். பண்ணையக்காரர் ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு வருடமாக நின்றிருந்த பழைய சீமைக் கார். சின்ன உருவம், தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. முன்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததாம். கீழே தகரம் இற்றுப்போய், உள்ளே உட்கார்ந்து குனிந்தால் தரை தெரியுமாம். கெடுக்க இனி அதில் ஒன்றும் பாக்கியில்லை என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. விற்றவர் பேரமே பேசவில்லை என்றார். எங்கள் பக்கத்துப் பண்ணையக்காரர்கள் நாலு தேங்காய் விற்பதற்கே மூன்று தடவை பேசுவார்கள். இவர் "எடுத்துட்டுப் போயிருங்க, கட்டுத்தறில எடம் ஆகோணும்" என்று மட்டும் சொன்னாராம். காரைப் பார்க்கக்கூட வெளியே வரவில்லையாம்.

"எதோ விவகாரம் இருக்குதுங்க" என்றேன்.

"உனக்கு எல்லாத்துலயும் ஓட்டை தெரியும்" என்றார் அவர்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அவர் நண்பருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. அதன் பின்னால் காலியாகக் கிடந்த ஷெட்டுக்கு டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போவார். முதல் சில வாரங்கள் நானும் போனேன். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றுவார். அடுத்த வாரம் ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பார்ப்பார். அசையாது. மறுபடி ஊற்றுவார். ஐந்தாவது வாரம் ஒரு நூல் அளவு அசைந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். துடைப்பதற்கு என் கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கிரீஸ் துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது.

அப்புறம் ஒரு ஞாயிறு, "நீ எதுக்கு வெயில்ல வந்துட்டு, ஊட்டுலயே இரு" என்றார். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். நான் கட்டிக்கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. கேட்டால் பசிக்கவில்லை என்றார். வெயிலில் நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டின ஆளுக்குப் பசிக்காதா? அதைக்கூட விட்டுவிடலாம். ஒருநாள் அவர் பையிலிருந்து பனியன் வேஸ்ட் துணிகள் வந்தன. துவைத்து, நாலாக மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கியிருந்தது. என் கணவருக்கு ஒரு லுங்கியை மடிக்கத் தெரியாது.

அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம் நான் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

ஷெட்டின் தகரக் கதவு ஒருக்களித்திருந்தது. கார் நாலு கட்டைகள் மேல் நின்றது. அவருடைய கால்கள் மட்டும் காருக்கடியில் தெரிந்தன. பக்கத்தில் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த நூல் சேலை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். அவளருகில் சோறு கொண்டுவந்த தூக்குப்போசி ஒன்று இருந்தது.

நான் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்று பார்த்தேன். ஒரு பெண் ஒரு ஆணை எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். இது அந்தப் பார்வை இல்லை. அவர் எதைக் கழற்றி வெளியே தள்ளினாலும் அதை எடுத்துப் புரட்டினாள், தட்டினாள், உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். செக்கிங் டேபிளில் நான் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அது எனக்கு நிம்மதியாகவா இருந்தது? இல்லை. வேறு மாதிரி பயமாக இருந்தது.

நான் உள்ளே போனதும் அவள் எழுந்து நின்றாள். அவர் கார் அடியிலிருந்து நகர்ந்து வந்து, என்னைப் பார்த்து, மறுபடி உள்ளே போய்விடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"இவங்க காரு குடுத்தவரோட தங்கச்சி" என்றார். "அவங்க அப்பாவோட காரு. பாக்கோணும்னு வந்தாங்க."

"எத்தன வாரமா?"

"ஆறு வாரமா."

"எங்கிட்ட ஏன் சொல்லலீங்க?"

அவள்தான் பேசினாள். "நாந்தானுங்க யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். நான் இங்க வாரது அண்ணனுக்குத் தெரிஞ்சா காரத் திருப்பி எடுத்துக்குவாருங்க. ஒரு நேரம் சோறு கொண்டாந்து குடுத்தனுங்க. அது தப்புன்னா மன்னிச்சுக்கோங்க."

திருப்பூரிலேயே குடியிருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்காரர் பங்கு போட்டு நடத்தின பனியன் கம்பெனி மூழ்கிவிட்டதாம். அவள் ஒரு கம்பெனியில் அயர்ன் டேபிளில் மடித்துப் பெட்டி போடும் வேலை பார்க்கிறாளாம். மடிப்புக்கு விடை கிடைத்தது. மற்றதற்குக் கிடைக்கவில்லை. அப்பாவின் கார் மேல் பாசம் இருக்கிறவள் வந்து பார்ப்பாள், அழுவாள், போவாள். ஆறு வாரம் கதவுத் தகட்டுக்குள் விரல் விட்டுத் தேட மாட்டாள்.

அன்றிலிருந்து நான் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அவர் காரைப் பார்ப்பார், அவள் அவர் கையைப் பார்ப்பாள், நான் இரண்டு பேரையும் பார்ப்பேன். கதவின் உள்பலகையைக் கழற்றினபோது உதிர்ந்த குப்பையை அவளே கூட்டி, சல்லடையில் சலிக்கிற மாதிரி கையால் அலசினாள். என்ன தேடுகிறாள் என்று என் மனது கணக்கில்லாமல் கதை கட்டியது. நிலப் பத்திரமோ? யாராவது எழுதின கடிதமோ? ஒருவேளை அண்ணனே அவளை அனுப்பியிருக்கிறானோ? என் கணவருக்கு எல்லாம் தெரியுமோ? அவளிடம் பேசும்போது அவர் குரல் கொஞ்சம் தணிந்துதான் இருந்தது. அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

வேலை என்னவோ நடந்தது. இற்றுப்போன அடித் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார்கள். டிங்கர் வேலைக்கு ஒருவர் வந்து மட்காட்டைத் தட்டி நிமிர்த்தினார். கடையில் கிடைக்காத புஷ் மாதிரிச் சில்லறைப் பாகங்களை நண்பர் லேத்தில் கடைந்து கொடுத்தார். பிரேக்குக்கு ரப்பர் தேடிக் கோயமுத்தூருக்கு மூன்று தடவை போனார். ஒருநாள் மத்தியானம் எஞ்சின் இருமியது, புகை கக்கியது, பிறகு ஓடியது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அடுத்த நிமிடம் மூவருமே அதை மறைத்துக்கொண்டோம்.

கடைசியாகச் சீட்டுகள். உறையை நானே தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பின்சீட்டின் சாய்மானத்தைப் புரட்டிப் போட்டேன். பின்பக்கம் முழுக்கச் சாக்குத் துணி. கம்பெனித் தையல், பழுப்பு நிற மெழுகு நூல், சீரான இடைவெளி. கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை நூல் இருந்தது. பனியன் தைக்கிற கோன் நூல், இரட்டையாகப் போட்டது. இஞ்சுக்கு மூன்று தையல், அதுவும் சாய்ந்து சாய்ந்து. கோணி ஊசியில் தைத்திருக்கிறார்கள். தையல் தெரியாத கை.

அவள் அந்தச் சீட்டை எத்தனையோ தடவை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்திருக்கிறாள். ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும்தான் தட்டுப்பட்டிருக்கும். நூல் மாறியிருப்பது அவள் கண்ணில் படவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை நிமிர்த்தி வைத்தேன்.

"இத நான் ஊட்டுக்குக் கொண்டுபோறனுங்க" என்றேன்.

"இங்கயே பிரிக்கலாமுங்களே" என்றாள் அவள் சட்டென்று.

"மெஷின் ஊட்டுலதானுங்க இருக்குது."

அவளுக்கு மறுக்க வழியில்லை. சீட்டை ஏற்றின ஆட்டோ திரும்பும் வரைக்கும் ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லீவு போட்டேன். அவர் ஷிப்டுக்குப் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு அந்த ஒரு சாண் தையலைப் பிரித்தேன். ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஒரு பழைய ஆம்பிளைப் பனியன், இறுகக் கட்டின முடிச்சாக இருந்தது. உள்ளே நகைகள். ஒரு ஆரம், நாலு வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி. ஆரத்தின் பதக்கத்தில் ஒரு சிவப்புக் கல் மட்டும் விழுந்திருந்தது.

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. முடிச்சை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு மத்தியானம் வளையல்களைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன் என்பதும் உண்மை. சாயங்காலம் சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்த்தேன். இவருக்குத் தெரியுமா, இதற்காகத்தான் காரையே வாங்கினாரா என்று. அவர் பிரேக் ரப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "நேத்து அரிசி போடலாம்னு கைய விட்டேன், தட்டுப்பட்டுச்சு."

"அப்பறம் ஏன் கேக்கலீங்க?"

"நீயாச் சொல்லுவீன்னு இருந்தேன்."

நான் அவரைச் சந்தேகப்பட்ட வாரங்களை எல்லாம் சேர்த்தாலும், அவர் என்னைச் சந்தேகப்படாத அந்த ஒருநாளுக்கு ஈடாகாது என்று தோன்றியது. உடனே, இதுவும் ஒரு தந்திரமோ என்றும் தோன்றியது. என் புத்தி அப்படி.

"நாளைக்கே அவங்ககிட்டக் குடுத்துரலாம்" என்றார்.

"அவங்களுதுன்னு யாரு சொன்னா? அண்ணனோடதா இருந்தா? திருட்டுச் சாமானா இருந்தா? மொதல்ல அவங்க வாயில வரட்டுமுங்க."

அடுத்த ஞாயிறு, ஷெட்டில் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். "ஏனுங்க, நீங்க தேடறது என்னன்னு சொல்லுங்க. சொன்னா, நான் ஒண்ணு சொல்லுவேன்" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கல்யாணத்துக்கு அப்பா போட்ட நகைகளை அவள் வீட்டுக்காரர் தொழிலுக்காக அடகு வைக்கப் பார்த்தார். அவள் அப்பாவிடம் ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னாள். எங்கே வைத்தார் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொந்த மகனையும் அவர் நம்புகிற ஆளில்லை. இரண்டு வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால் நகை இல்லை.

"அப்பன் கட்டுத்தறிப் பக்கமே கையக் காட்டிட்டுக் கெடப்பாருங்க. காருல உக்காரோணும்னு ஆசப்படறாருன்னு நாலு பேரு தூக்கிட்டுப் போயி பின்சீட்டுல உக்கார வெப்போம். அங்க உக்காந்து அழுவாரு. காரு மேல அவ்வளவு உசுருன்னு நாங்களும் அழுவோமுங்க. ரெண்டு வருசங் கெடந்து போயிட்டாரு. இப்ப அண்ணன் காரக் குடுத்துட்டாருன்னு கேள்விப்பட்டதும் திடீர்னு நெனப்பு வந்துச்சு. ஏன் அழுதாரு?"

"நகையெல்லாம் என்னென்ன?" என்றேன்.

ஆரம், நாலு வளையல், ஜிமிக்கி என்றாள். பதக்கத்தில் ஒரு சிவப்புக் கல் வரவேற்பு அன்றைக்கே விழுந்துவிட்டது என்றாள்.

பையிலிருந்து முடிச்சை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் நகையைத் தொடவில்லை. அந்தப் பழைய பனியனைத்தான் எடுத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். ரத்தம் வடிந்த முகமாக ஆகிவிட்டது.

"எங்க டிரைவரு எடுத்துட்டாருன்னு சொல்லி, தென்ன மரத்துல கட்டிப் போட்டாங்க" என்றாள். "அப்பனுக்குக் காரு ஓட்டுனவரு. ஊட்டுக்குள்ள வந்துபோற ஒரே வெளியாளு அவருதான். குடும்பத்தோட ஊர விட்டே போகச் சொல்லிட்டாங்க." பனியனை நாலாக மடித்தாள். "அண்ணன் சொல்லலீங்க. நாந்தான் மொதல்ல அவரு பேரச் சொன்னது."

என் கணவர் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் உடனே அண்ணனிடம் போக வேண்டும் என்றாள். நான் தடுத்தேன். அப்பா இறந்தபின் கார் அண்ணன் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் பெயருக்கு வரும். நகை விஷயம் தெரிந்தால் போடுவாரா? "கையெழுத்து ஆகட்டும், அப்பறம் சொல்லலாமுங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான். ஆனால் ஒத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் கையெழுத்தும் ஆயிற்று, ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.யும் காட்டினோம். பிரேக் இன்ஸ்பெக்டர் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்து, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று மூன்று தடவை கேட்டார். ஓட்டிக் காட்டச் சொல்லி, திடீரென்று நிறுத்தச் சொன்னார். நின்றது.

டிரைவரைத் தேடினது என் கணவர். டிரைவர்களைப் பற்றி டிரைவர்களுக்குத்தான் தெரியும் என்று பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பிரைவேட் பஸ்காரர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவர் சொன்னார். பல்லடத்தைத் தாண்டி ஒரு கோழிப் பண்ணையில் வாட்ச்மேனாக இருக்கிறார், மனைவியும் அங்கேயே முட்டை பொறுக்குகிறார் என்று.

அந்தக் காரில் போக வேண்டாம், பார்த்தால் பயந்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். அதில்தான் போக வேண்டும், அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். காரை மெயின் ரோட்டில் அவ்வளவு தூரம் ஓட்டியது அதுதான் முதல் தடவை. புது கிரீம் கலர் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை.

பண்ணைக் கேட்டுக்குள் ஒரு ஓட்டு வீடு. வெளியே வந்த பெண்மணி காரைப் பார்த்தார். பிறகு காரிலிருந்து இறங்கினவளைப் பார்த்தார். கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"எதுக்கு வந்திருக்கறீங்க?" என்றார். "இன்னும் என்ன காணாமப் போச்சு?"

என் கணவர்தான், "அய்யா இருக்காருங்களா?" என்று கேட்டார்.

"சர்ச்சுக்குப் போயிருக்காரு. வர்றப்ப வருவாரு. இங்க எல்லாத்தையும் தேடிப் பாத்துக்கறதுன்னா பாத்துக்கோங்க. ரெண்டு டிரங்குப் பெட்டிதான்."

வெயிலில் நின்றோம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒருவர் சைக்கிளில் வந்தார். வெள்ளை வேட்டி, நரைத்த தலை. கேட்டுக்கு வெளியிலேயே இறங்கிக் காரைப் பார்த்தார். கிட்டே வரவில்லை. சைக்கிள் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போலீசுங்களா?" என்று என் கணவரைக் கேட்டார்.

"இல்லீங்க."

அதன்பிறகு அவள் சொன்னாள். நகை கிடைத்ததை, எங்கே கிடைத்தது என்பதை, அப்பா கையைக் காட்டினதை, முதலில் பெயர் சொன்னது தான்தான் என்பதை. பின்கதவைத் திறந்து சீட்டைக் காட்டினாள். கும்பிட்டாள். அழுதுகொண்டே காலில் விழப் போனாள். அவர் சைக்கிளோடு பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எந்திரிங்க அம்மணி" என்றார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போவுது? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்களே. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

அவர் மனைவிதான் முன்னால் வந்தார். "வெறும் வாயில சொன்னாப் பத்தாது. இந்தக் காருலயே எங்களக் கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு அந்த ரோட்டுல மூட்டையத் தலையில வெச்சுட்டு நடந்து வந்தமுங்க. ஊரே வாசல்ல நின்னு பாத்துச்சு. அதே வாசல் வழியாப் போகோணும்."

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் அவர்.

"உங்களுக்கு வேண்டாம்னா இருந்துக்கோங்க. நான் போறேன்."

அடுத்த ஞாயிறு போனோம். அவர் முன்னால் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் நாங்கள் மூன்று பெண்கள், அவர் மனைவி ஜன்னலோரம். அவிநாசியைத் தாண்டினோம். அப்புறம் அவர், "மூணாங் கியரு கொஞ்சங் கத்துதுங்க" என்றார். என் கணவர், "ஆமாங்க, பாக்கோணும்" என்றார். வழி முழுக்க அவர்கள் பேசினது அவ்வளவுதான்.

ஊருக்குள் நுழைந்ததும் மெதுவாக ஓட்டச் சொன்னார் அந்த அம்மா. ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முகத்தில் வெற்றி மாதிரி ஒன்றும் இல்லை. எதையோ எண்ணிச் சரிபார்க்கிற மாதிரி இருந்தது. டீக்கடை முன்னால் நிறுத்தினோம். கூட்டம் சேர நேரம் ஆகவில்லை. அந்தக் கார் ஓடி வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. அதிலிருந்து இறங்குகிற ஆள் இவர் என்றும் நினைத்திருக்கவில்லை.

அவள் காரின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் குரல் வெளியே வரவில்லை. ஒருவர் "சத்தமாச் சொல்லு கண்ணு" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நகை முடிச்சைப் பிரித்து பானெட் மேல் வைத்தாள். "இவரு எடுக்கலீங்க. நான் பொய்யாப் பேரு சொல்லிட்டேன்" என்றாள்.

அண்ணன் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நகைகளைப் பார்த்தார். டிரைவரைப் பார்க்கவில்லை. என்னையும் என் கணவரையும் பார்த்தார்.

"சீட்டப் பிரிச்சது யாரு?"

"நாந்தானுங்க" என்றேன்.

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்லீங்க. நான் மட்டுந்தான்."

"இவ்வளவுதான் இருந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் அரிசி டின்னும் கண்ணாடியும் நினைவுக்கு வந்தன. எப்படி நின்றால், முகத்தை எப்படி வைத்துக்கொண்டால் எடுக்காதவள் மாதிரி தெரியும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அப்படி யோசிக்க ஆரம்பித்ததுமே திருடி மாதிரி ஆகிவிட்டேன் என்றும் தெரிந்தது. டிரைவரின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் எனக்கு என்ன நடக்கிறது என்று புரிந்த முகம் அது ஒன்றுதான்.

"இவ்வளவுதாண்ணா" என்றாள் தங்கை. "நான் அப்பங்கிட்டக் குடுத்ததே இவ்வளவுதான்."

அண்ணன் திரும்பி நடந்தார். கூட்டத்திலும் எல்லோரும் நம்பவில்லை. டிரைவர் இத்தனை வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறான், சும்மா கதை கட்டுகிறார்கள் என்று ஒருவர் பின்னால் சொன்னது என் காதில் விழுந்தது. டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்தார். அன்றைக்கு டிரைவரைக் கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்தது அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. டிரைவர் வாங்கிக் குடித்தார். அவர் மனைவி, "எனக்கு வேண்டாமுங்க" என்று காரில் ஏறிக்கொண்டார்.

பல்லடத்தில் அவர்களை இறக்கிவிடும்போது, அவள் முடிச்சிலிருந்து இரண்டு வளையலை எடுத்து அந்த அம்மா கையில் வைக்கப் பார்த்தாள்.

"அத வாங்குனா, பங்கு பிரிச்ச மாதிரி ஆயிரும் அம்மணி" என்றார் அந்த அம்மா. "நீயே வெச்சுக்கோ."

கார் தொண்ணூறுகளின் நடுவரை எங்களிடம் ஓடியது. டிரைவர் மூன்றாம் கியரை மறக்கவில்லை. ஒரு ஞாயிறு தானாகவே திருப்பூர் வந்து, கியர்பாக்ஸைப் பிரித்து, நாள் முழுக்க என் கணவரோடு உட்கார்ந்து சரிசெய்தார். அதன்பிறகு மாதம் ஒருமுறை வந்தார். நகைக்காரப் பெண் அந்த ஊருக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளும் நானும் சினேகிதிகள் ஆனோம் என்று சொல்ல மாட்டேன். ஒருவருடைய குறை இன்னொருவருக்குத் தெரிந்துபோன இரண்டு பேர் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தோம்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள், டிரைவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது டிரைவர் சொன்னார்: "பெரியவரு மகன், அந்த அம்மணியோட அண்ணன், பண்ணைக்கு வந்திருந்தாருங்க. கேட்டுக்கு வெளியவே நின்னாரு. உள்ள வாங்கன்னேன், வரலீங்க."

"என்ன சொன்னாருங்க?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கறீங்களான்னு கேட்டாரு. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாரு." அவர் குரலில் ஒரு சின்ன ஆச்சரியம் இருந்தது. "இருக்கறீங்களான்னு கேட்டாருங்க. அவங்க ஊட்டுல எனக்கு அப்படி மரியாத குடுத்துப் பேசுனதே இல்ல."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

டிரைவரின் மனைவி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன காரியமா வந்தாரோ" என்றார்.